கார்டில் எழுதிய ஹெர்னியா

1. மதியம் வந்த போன்

தொண்ணூற்றொன்றில் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு மதியம். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த நர்சிங் ஹோமில், தியேட்டருக்குள் ஒரு சிசேரியன் நடந்துகொண்டிருந்தது. நான் தியேட்டர் அசிஸ்டென்ட். உள்ளே இருந்திருக்க வேண்டியவன். கவுண்டரில் உட்காரும் பெண் லீவு என்பதால், என்னைக் கவுண்டருக்கு அனுப்பிவிட்டு டாக்டர் சிஸ்டரை வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார்.

கவுண்டருக்கு எதிரே கோமதியம்மாள் நனைந்த குடையை மடக்கிப் பிடித்தபடி நின்றார். சேத்தூர்க்காரர். அவருடைய கணவர் வேலுச்சாமி ஸ்பின்னிங் மில்லில் ரிங் ஃபிரேம் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இரண்டு மாதமாக அவருக்குத் தலைவலி. பிறகு இடது கண்ணிமை தொங்கியது, வலது கை பலம் குறைந்தது, பேச்சு குழறியது. முந்தின நாள்தான் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மகன் கண்ணன் அங்கே கூட இருந்தான். பழைய ஆபரேஷன் காகிதம் ஏதாவது இருந்தால் வாங்கி வரச்சொல்லி டாக்டர்கள் கேட்டார்கள் என்று அம்மா பஸ் பிடித்து வந்திருந்தார்.

நான் ஃபைலைத் தேடி எடுத்து வைத்த நேரத்தில் போன் அடித்தது. மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சின்ன டாக்டர்.

"வேலுச்சாமின்னு ஒரு பேஷண்ட், அறுபத்தேழு வயசு. உங்ககிட்ட மூணு வருஷம் முன்னாடி ஆபரேஷன் பண்ணிருக்கார்னு பையன் சொல்றான். என்ன ஆபரேஷன்?"

என் இடது கைப்பக்கம் தியேட்டர் ரிஜிஸ்டர் இருந்தது. வலது கைப்பக்கம் டிஸ்சார்ஜ் கார்டின் கார்பன் நகல். எதிரே கோமதியம்மாள், என் வாயையே பார்த்துக்கொண்டு.

"ஹெர்னியா சார். ரெண்டு பக்கமும்."

"வேற வியாதி எதும்? கேன்சர், டிபி, அந்த மாதிரி?"

"இல்ல சார்."

"ஓகே. ஸ்கேன்ல தலைக்குள்ள பழைய ரத்தக்கட்டு மாதிரி தெரியுது. நாளைக்குக் காலைல எடுத்துருவோம்."

போனை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. "நாந்தான் அப்பவே சொன்னேம்லா அண்ணாச்சி. ஆடி மாசம் தேவதானம் ரோட்டுல சைக்கிளோட விழுந்தாவ. காயமில்ல ஒண்ணுமில்லன்னு எந்திரிச்சு வந்துட்டாவ. அதுதான் உள்ள கட்டிருக்கு."

"ஆமாம்மா" என்றேன். கார்பன் நகலைக் கையில் கொடுத்தேன். குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

வேலுச்சாமிக்கு நாங்கள் செய்தது ஹெர்னியா ஆபரேஷன் இல்லை.

2. கார்டுக்கு ஒரு பெயர், ரிஜிஸ்டருக்கு ஒரு பெயர்

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இது புரியாது. எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அப்போது டிஸ்சார்ஜ் கார்டு என்பது வீட்டுக்குப் போகும் காகிதம். அதை மச்சான் படிப்பார், பக்கத்து வீட்டு வாத்தியார் படிப்பார், மில் ஆபீஸ் கிளார்க் படிப்பார். அதனால் கேட்டவர்களுக்கு வேறு பெயர் எழுதிக் கொடுப்போம். டிபி என்றால் 'நாள்பட்ட சளி'. விரைவீக்கம் என்றால் 'ஹெர்னியா', அதாவது குடலிறக்கம். கல்யாணமாகாத பெண்ணுக்குக் கருக்கலைப்பு என்றால் 'வயிற்றுக் கட்டி'. உண்மையான பெயர் தியேட்டர் ரிஜிஸ்டரில் இருக்கும். அது எங்கள் பீரோவை விட்டு வெளியே போகாது.

இந்தக் கார்டுகளை எழுதுவது நான்தான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது ஒரு காரணம். எந்த வியாதிக்கு எந்தப் பொய் பொருந்தும் என்பது எனக்கு அத்துப்படி என்பது இன்னொரு காரணம். தழும்பு எங்கே இருக்கும், எத்தனை நாள் வலிக்கும், வெயிட் தூக்கலாமா கூடாதா, எல்லாம் பார்த்துத்தான் பெயர் வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. எங்கள் டாக்டரே, "ஏய்யா ஞானமுத்து, இதுக்கு என்ன பேர் வைக்கப் போற?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார்.

வேலுச்சாமி எண்பத்தெட்டில் வந்தார். நல்ல உயரம், நரைத்த பெரிய மீசை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து சிறுநீர் போகவில்லை. வலியில் மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டியூப் போட்டு வடித்த பிறகு டாக்டர் ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தார். மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி கல் மாதிரி கெட்டியாக இருந்தது. சதை எடுத்து மதுரைக்கு அனுப்பினோம், கேன்சர் என்று வந்தது. முதுகெலும்பு எக்ஸ்ரேயிலும் அங்கங்கே வெள்ளை வெள்ளையாய்த் திட்டுகள்.

அந்தக் காலத்தில் அந்த நோய்க்கு எங்களால் முடிந்தது ஒன்றுதான். இரண்டு விதைகளையும் எடுத்துவிடுவது, கூடவே ஹார்மோன் மாத்திரை. விதையில் ஊறுவதுதான் அந்த நோய்க்குத் தீனி, தீனியை நிறுத்தினால் நோய் அடங்கும். டாக்டர் இதை அவரிடம் நேரடியாகச் சொன்னார். பெரும்பாலும் நோயாளிக்குத் தெரியாமல் வீட்டாரிடம் சொல்வதுதான் வழக்கம். இவரிடம் அப்படிச் செய்ய முடியவில்லை. முப்பது வருஷம் மிஷினைப் பிரித்துப் பூட்டியவர். எந்தப் பார்ட்டை எதற்குக் கழற்றுகிறீர்கள் என்று கேட்டுத்தான் சம்மதித்தார்.

"செய்யுங்க சார். ஆனா ஒண்ணு, என் வீட்டுக்காரிக்குத் தெரியக்கூடாது. மகனுக்குந் தெரியக்கூடாது" என்றார்.

"பெரிய வியாதிய்யா. வீட்டுல சொல்லாம எப்படி?"

"வியாதியச் சொல்லலாம் சார். இன்னத அறுத்துட்டாவன்னு சொல்ல ஏலாது. மில் ஷெட்ல நான் மீசைய முறுக்குன காலத்துல பத்து பேரு ஓடுவான். நாளைக்கு அவன் என்னைப் பாத்து என்ன சொல்லுவான்?"

டாக்டர் வெகுநேரம் பேசிப் பார்த்தார். கடைசியில், "வீட்டுல மறைக்கிறது உம்ம இஷ்டம். வேற எந்த டாக்டர்கிட்டப் போனாலும் உள்ளதைச் சொல்லணும். சரியா?" என்றார். வேலுச்சாமி தலையாட்டினார்.

கார்டில் நான் 'இருபக்க ஹெர்னியா' என்று எழுதினேன். ஒரு பக்கம் என்று எழுதினால் இரண்டு பக்கமும் போட்ட கட்டுக்குக் கணக்கு வராது பாருங்கள். அவர் கார்டை வாங்கிப் படித்துவிட்டு என் கையைப் பிடித்து அழுத்தினார். "யாரு கேட்டாலும் இதுதான், அண்ணாச்சி" என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

3. கழற்றாத சட்டை

ஆபரேஷன் நன்றாகவே வேலை செய்தது. இடுப்பு வலி போனது. மறுபடி சைக்கிள் மிதித்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கூட்டம் கலைந்த மதிய வேளையில் பின்வாசல் வழியாக வருவார். மாத்திரையை ஸ்ட்ரிப்போடு கொண்டுபோக மாட்டார். ஒவ்வொன்றாகப் பிதுக்கி மூக்குப்பொடி டப்பாவில் போட்டுக்கொள்வார். வீட்டில் யாரும் பொடி டப்பாவைத் திறக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

அந்த மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. ஆண்களுக்கு மார்பு வீங்கும். இரண்டாவது வருஷம் வந்தபோது, வேர்த்து ஊற்றும் சித்திரையில் பனியனுக்கு மேல் பனியன், அதற்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்.

"போன புரட்டாசி சனிக்கு மலைக்குப் போகல அண்ணாச்சி" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலையைத்தான் சொன்னார். "வருசம் தப்பாம போறவன். துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு வெத்து மாரோட ஏறுவேன். இப்ப எப்படி ஏற? மாரு வலிக்குன்னு பொய்யச் சொல்லிட்டேன்."

"அம்மா ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்கத்தான் செய்யுதா. நான் எரிஞ்சு விழுதேன். பொறவு கேக்க மாட்டா."

அதன் பிறகு வருகை குறைந்தது. தொண்ணூற்றொன்று தொடக்கத்தில் நின்றேபோனது. மற்ற நோயாளி என்றால் ஒரு போஸ்ட் கார்டு போட்டு வரச்சொல்வேன். இவருக்கு எப்படிப் போடுவது? போஸ்ட்மேன் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். சேத்தூர்ப் பக்கம் போனால் எட்டிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் மறந்துவிட்டேன்.

4. அந்தச் சாயங்காலமும் மறுநாளும்

போன் வந்த அன்றைக்குத் திரும்புகிறேன். கோமதியம்மாள் போன பிறகு மதுரைக்குத் திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். எஸ்.டி.டி. வசதி வந்துவிட்டது. நம்பர் ஃபைலிலேயே இருந்தது. நான் கூப்பிடவில்லை.

வாக்குக் கொடுத்திருந்தேன் என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம் என்னுடைய அரைகுறை அறிவு. அந்த நோய் எலும்புக்குப் போகும் என்று பார்த்திருக்கிறேன். முதுகு, இடுப்பு, தொடை எலும்பு. தலைக்குள் போய் நான் பார்த்ததில்லை. சைக்கிளில் விழுந்திருக்கிறார், ஸ்கேனில் ரத்தக்கட்டு தெரிகிறது, எடுத்தால் சரியாகிவிடும், இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நானே டாக்டராகி முடிவுகட்டினேன். எங்கள் டாக்டர் சிசேரியன் முடித்துக் களைத்து வெளியே வந்தார், காப்பி குடித்தார், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கேஸ் பார்க்கக் கிளம்பினார். அவரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் மறுபடி போன். இந்த முறை பெரிய சர்ஜனே பேசினார்.

"அங்க கார்டு எழுதுறது யாருய்யா?"

"நான்தான் சார்."

"உங்க ஊர்ல ஹெர்னியா ஆபரேஷன்னா ரெண்டு விதையையும் சேத்து எடுத்துருவீங்களோ?"

அவரே சொன்னார். நடந்தது இதுதான். காலையில் மண்டையில் இரண்டு துளை போட்டிருக்கிறார்கள். பழைய ரத்தம் என்றால் கறுப்பு எண்ணெய் மாதிரி தானாக வழியும். இங்கே ஒரு சொட்டும் வரவில்லை. மூளையைச் சுற்றியிருக்கும் மேலுறை தோல்வார் மாதிரி தடித்துக் கெட்டியாக இருந்திருக்கிறது. துணுக்கு ஒன்றை வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பிவிட்டு மூடிவிட்டார்கள். மத்தியானம் சிறுநீர் போகவில்லை என்று டியூப் போடப் போன வார்டு ஆள்தான் விதைகள் இல்லாததைப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்.

நான் உள்ளதைச் சொன்னேன்.

"புராஸ்டேட் கேன்சர் அந்த மேலுறையில போய்ப் படர்றது ரொம்ப அபூர்வம். ஆனா படரும். ஸ்கேன்ல பாத்தா ரத்தக்கட்டு மாதிரியேதான் இருக்கும். நேத்து ஒரு வார்த்தை சொல்லிருந்தா நான் துளையே போட்டிருக்க மாட்டேன். நேரா ரேடியேஷனுக்கு, கரண்ட்டு வைக்க, அனுப்பிருப்பேன்." கோபம் இறங்கி, குரலும் களைத்துப்போய்ச் சொன்னார். "இனி புண்ணு ஆறுனாத்தான் கரண்ட்டு. கண் நரம்பை நெருக்குது, இடது கண்ணு அதுவரைக்கும் தாங்குமான்னு தெரியல. ரிஜிஸ்டரை எடுத்துட்டு வா."

எங்கள் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "நானும் சேந்துதானய்யா சிரிச்சேன்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

5. மதுரை வார்டு

மறுநாள் விடிந்ததும் ரிஜிஸ்டரைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறினேன். அந்த ரிஜிஸ்டர் எங்கள் பீரோவை விட்டு வெளியே போனது அந்த ஒரே தடவைதான்.

சர்ஜன் ரிஜிஸ்டரைப் படித்துக் குறித்துக்கொண்டார். "வீட்டுல நான் சொல்லல. அந்த ஆளுக்கு நினைவு இருக்கு, கேட்டேன். 'அண்ணாச்சி வந்து சொல்லட்டும்'னு குழறிக் குழறிச் சொல்றாரு. அண்ணாச்சிங்கிறது நீதான?" என்றார்.

கோமதியம்மாளை வராண்டா ஓரத்து பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னேன். எந்த வியாதி, என்ன ஆபரேஷன், என்ன மாத்திரை, அது மார்பை என்ன செய்யும், நான் கார்டில் என்ன எழுதினேன், அன்றைக்கு போனில் என்ன சொன்னேன் என்று ஒன்றையும் விடவில்லை. அவர் அழுவார், என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "அதுக்குத்தான் சட்டையா?"

"ஆமாம்மா."

"கட்டிலைத் தூக்கி மச்சுல போட்டுக்கிட்டதும் அதுக்குத்தானா?"

அது எனக்குத் தெரியாது.

"மூணு வருசம் அண்ணாச்சி. மூணு வருசமா நான் என்ன தப்பு செஞ்சேன்னு ரோசிச்சுக்கிட்டே கெடந்தேன். சமையலா, பேச்சா, வயசாயிட்டேன்னு வெறுத்துட்டாவளா, வேற எங்கயும் போறாவளா? அந்தப் பொடி டப்பாவக்கூட எவளோ குடுத்ததுன்னு நெனச்சேன். வாய் விட்டுக் கேக்க முடியல." என் பக்கம் திரும்பினார். "அறுத்தா என்ன? ஆளு இருந்தாப் போதாதா எனக்கு? அம்புட்டுப் பெரிய மனுசனுக்கு இது தெரியலயே."

எழுந்து வார்டுக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

வேலுச்சாமி தலையில் கட்டோடு படுத்திருந்தார். கண்ணன் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவன். அப்பா தலையில் சுற்றியிருந்த துணியின் ஓரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அவனை டீ வாங்கி வரச்சொல்லி வெளியே அனுப்பினார். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து கணவரின் சட்டைப் பொத்தானில் கை வைத்தார்.

வேலுச்சாமி விழித்துக்கொண்டார். வலது கை வராது. இடது கையால் பொத்தானை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எழுத முடியாது.

"விடுங்க" என்றார் அம்மா. "அண்ணாச்சி எல்லாஞ் சொல்லிட்டாவ. விடுங்க, மேலு கசகசன்னு கெடக்கு."

விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அம்மா பொத்தான்களைக் கழற்றி, பனியனைத் தூக்கி, ஒரு குழந்தையைத் துடைப்பதுபோல் நெஞ்சு, கழுத்து, அக்குள் என்று நிதானமாகத் துடைத்தார். அந்தப் பெரிய மீசைக்காரர் வாய்விட்டு அழுதார். நான் வெளியே வந்துவிட்டேன்.

6. திருத்திய கார்டு

புண் ஆறப் பதினைந்து நாள் ஆனது. அதற்குள் இடது கண் பார்வை போய்விட்டது. பிறகு கரண்ட் வைத்தார்கள். தலைவலி அடங்கியது, பேச்சு முக்கால்வாசி தெளிந்தது. முதலிலேயே வைத்திருந்தால் கண் தங்கியிருக்குமா என்று சர்ஜனிடம் பின்னொரு நாள் கேட்டேன். "தங்கியிருக்கலாம். தங்காமலும் போயிருக்கலாம். அதைத் தெரிஞ்சுக்கிற வாய்ப்பைத்தான் நீ எடுத்துட்ட" என்றார். அந்த நோய் அங்கே போய்ப் படர்ந்ததை என் முப்பத்தாறு வருஷ வேலையில் நான் பார்த்தது அந்த ஒருவரிடம்தான்.

வேலுச்சாமி ஐந்து மாதம் இருந்தார். மச்சிலிருந்து கட்டில் கீழே வந்துவிட்டது, வீட்டில் வெற்று மார்போடு படுத்திருக்கிறார் என்று கண்ணன் ஒருமுறை சொன்னான். பங்குனியில் இறந்துபோனார்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து கோமதியம்மாள் நர்சிங் ஹோமுக்கு வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த பழைய டிஸ்சார்ஜ் கார்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தார்.

"இதைத் திருத்தி எழுதித் தாங்க அண்ணாச்சி."

"இனி எதுக்கும்மா?"

"கண்ணன் இருக்கான், அவன் புள்ள இருக்கான். நாளைக்கு அவிய வயசுல இவனுங்களுக்கு ஏதும்னா, டாக்டர் கேக்கையில எடுத்துக் காட்ட ஒரு காயிதம் வேணும்லா. உள்ளதை எழுதுங்க."

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் படிப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். நோயாளி கேட்டால் வீட்டாரிடம் மறைத்துக்கொள்ளுங்கள், அது அவருடைய உரிமை. வைத்தியம் பார்க்கிறவரிடம் மறைக்காதீர்கள். இரண்டும் ஒன்று என்று நான் நினைத்துவிட்டேன். அன்றைக்கு போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அம்மா, செத்த நேரம் அந்த பெஞ்சில உக்காருங்க" என்று சொல்லியிருந்தால் போதும். என் வாக்கும் இருந்திருக்கும், அவர் மண்டையில் துளையும் விழுந்திருக்காது.

'ஹெர்னியா' என்பதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே உள்ளதை எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். எழுதும்போது கை நடுங்கியது என்று சொன்னால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. எப்போதும்போல் எழுத்து முத்து முத்தாக வந்தது. மூன்றரை வருஷத்துக்கு முன்னால் அந்தப் பொய்யை எழுதியபோதும் அப்படித்தான் வந்தது. இரண்டும் ஒரே கார்டில், ஒன்றன் மேல் ஒன்றாக, ஒரே அழகோடு இருந்தன. கோமதியம்மாள் அதை விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.